நாணயத்தை இறக்குவதா, சம்பளத்தை இறக்குவதா? 2008-இல் லாட்வியாவின் முன் இருந்த வழிகள்

2008 நவம்பர் 8 அன்று லாட்வியா அரசு, நாட்டின் இரண்டாவது பெரிய வங்கியான பாரெக்ஸின் 51 சதவீதப் பங்கை இரண்டு லாட்ஸுக்கு வாங்க ஒப்புக்கொண்டது. அன்றைய மாற்று விகிதத்தில் அது மூன்று யூரோவுக்கும் குறைவு. விலைதான் மலிவு. வெளிநாட்டு வங்கிகளிடம் பாரெக்ஸ் வாங்கியிருந்த கூட்டுக்கடனில் 2009-இல் திருப்பிக் கட்ட வேண்டியது மட்டும் 77.5 கோடி யூரோ. ஆகஸ்ட் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கத்துக்குள் அந்த வங்கியின் வைப்புத்தொகையில் ஏறத்தாழ கால்வாசி வெளியே போய்விட்டது. டிசம்பர் 1 முதல் பணம் எடுப்பதற்கு உச்சவரம்பு போட்டார்கள். கஜானாவில் இருந்ததைக் கொண்டு இதைத் தாங்க முடியாது என்று தெரிந்ததும் சர்வதேச நாணய நிதியமான ஐஎம்எஃப், ஐரோப்பிய ஆணையம், உலக வங்கி, ஸ்வீடன் போன்ற நார்டிக் நாடுகள் எல்லாம் ஒரே மேசைக்கு வந்தன.

கடன் கொடுப்பதில் அவர்களுக்குள் பெரிய தகராறு இல்லை. லாட்ஸ் என்ற நாணயத்தை என்ன செய்வது என்பதில்தான் கருத்து பிரிந்தது. சர்வதேச நிறுவனங்கள் ஒரு நாட்டுக்கு ஆலோசனை சொல்லும்போது வெளியே வரும் அறிக்கையில் ஒரே குரல்தான் கேட்கும். உள்ளே நடந்த வாக்குவாதம் அபூர்வமாகத்தான் ஆவணத்தில் பதிவாகும். லாட்வியா விஷயத்தில் அது பதிவாகியிருக்கிறது. வழிகளை வரிசையாக வைத்து ஒப்பிட இது தோதான வழக்கு.

கையில் இருந்த கணக்கு

லாட்ஸ் 2005 ஜனவரி 1 முதல் யூரோவோடு கட்டப்பட்டிருந்தது: ஒரு யூரோ 0.702804 லாட்ஸ். ஏற்ற இறக்கத்துக்கு இடம் ஒரு சதவீதம். அதே ஆண்டு மே மாதம் யூரோவுக்கான காத்திருப்பு அறையான இஆர்எம்-2-இல் லாட்வியா சேர்ந்தது. அங்கே விதிப்படி 15 சதவீதம் வரை மேலும் கீழும் போகலாம். ஒரு சதவீதம் என்பது லாட்வியா தனக்குத் தானே போட்டுக்கொண்ட வேலி. இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஐஎம்எஃப் யோசனையின் மையமே இதுதான்.

2005 முதல் 2007 வரை பொருளாதாரம் ஆண்டுக்குப் பத்து சதவீதத்தை ஒட்டியும் தாண்டியும் வளர்ந்தது. அந்த வளர்ச்சிக்குத் தீனி போட்டது ஸ்வீடன் வங்கிகளின் கடன். ஸ்வெட்பேங்க், எஸ்இபி, நோர்டியா மூன்றும் தலைநகர் ரீகாவில் வீட்டுக்கடனை அள்ளி வீசின, அதுவும் யூரோவில். லாட்ஸ் கடனை விட வட்டி குறைவு. விகிதம் மாறாது என்று மத்திய வங்கியே சொல்கிறது. யார்தான் லாட்ஸில் வாங்குவார்கள்? கடனில் 90 சதவீதத்துக்கு அருகே வெளிநாட்டு நாணயத்தில் இருந்தது. வெளிநாடுகளோடு நடக்கும் வரவுசெலவில் விழும் துண்டான நடப்புக் கணக்குப் பற்றாக்குறை, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் (ஜிடிபி) 22 சதவீதத்தைத் தாண்டியது. 2008 நடுவில் பணவீக்கம் 18 சதவீதத்தை நெருங்கியது.

ஒன்று மட்டும் நன்றாக இருந்தது. அரசின் கடன் ஜிடிபியில் பத்து சதவீதத்துக்கும் கீழ். பிற்பாடு நடந்ததையெல்லாம் புரிந்துகொள்ள இந்த எண் தேவைப்படும்.

யார் எவ்வளவு போட்டார்கள்

2008 டிசம்பரில் முடிவான தொகுப்பு 750 கோடி யூரோ. ஐரோப்பிய ஒன்றியம் 310 கோடி, நார்டிக் நாடுகள் 180 கோடி, ஐஎம்எஃப் 170 கோடி, உலக வங்கி 40 கோடி. ஐரோப்பிய மறுசீரமைப்பு வளர்ச்சி வங்கியான இபிஆர்டி, செக் குடியரசு, போலந்து, எஸ்தோனியா சேர்ந்து 50 கோடி. ஐஎம்எஃப் நிர்வாகக் குழு டிசம்பர் 23 அன்று தன் பங்குக்கு ஒப்புதல் கொடுத்தது. அது ஐஎம்எஃப்பில் லாட்வியாவுக்கு இருந்த பங்கு ஒதுக்கீட்டைப் போலப் பன்னிரண்டு மடங்கு.

நூற்றுக்கு இருபத்து மூன்று ரூபாய் போட்டவரின் யோசனை ஒன்று, அறுபத்தைந்துக்கு மேல் போட்டவர்களின் யோசனை வேறு. எது நின்றது என்று ஊகிக்கப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. ஐஎம்எஃப் அலுவலர்கள் விகிதத்தைத் தளர்த்தும் வழியை எழுத்தில் வைத்தார்கள். ஐரோப்பிய ஆணையமும் ஐரோப்பிய மத்திய வங்கியும் நார்டிக் நாடுகளும், எல்லாவற்றுக்கும் மேலாக லாட்வியா அரசும், இல்மார்ஸ் ரிம்ஷேவிச்ஸ் தலைமையிலிருந்த அதன் மத்திய வங்கியும் வேண்டாம் என்றன. ஐஎம்எஃப் இறங்கி வந்தது. கடன் வாங்குபவரே ஒரு கொள்கையைத் தன்னுடையது என்று தோளில் தூக்கிக்கொண்டால், கொடுப்பவர் அதை மீறித் திணிப்பது அரிது. ஐஎம்எஃப் பெயரைச் சொன்னாலே கட்டாய மதிப்பிறக்கம் என்று நினைப்பவர்கள் இந்த வழக்கைப் பார்க்க வேண்டும்.

வழி ஒன்று: வேலியைத் தள்ளிப் போடுவது

ஒரு சதவீத வேலியை எடுத்துவிட்டு இஆர்எம்-2 அனுமதிக்கும் 15 சதவீதம் வரை லாட்ஸ் சரிய விடுவது. விதியை மீறாத மதிப்பிறக்கம். கீழ் எல்லைக்குப் போனால் ஒரு யூரோ 0.808225 லாட்ஸ் ஆகும். ஏற்றுமதி மலிவாகும், இறக்குமதி குறையும், சரிசெய்தல் சீக்கிரம் முடியும் என்பது இதன் பலம்.

எதிர்ப்பின் முதல் வாதம் வீட்டுக்கடன். அதைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்குக் கைக்கு வரும் சம்பளம் மாதம் 350 லாட்ஸ், தவணை 300 யூரோ என்று வையுங்கள். பழைய விகிதத்தில் தவணை 211 லாட்ஸ், அதாவது சம்பளத்தில் 60 சதவீதம். விகிதம் 0.808 ஆனால் தவணை 242 லாட்ஸ், 69 சதவீதம். சரிவு அங்கே நிற்காமல் யூரோ ஒன்றரை மடங்கானால் தவணை 316 லாட்ஸ், 90 சதவீதம். அந்த வீடு ஏலத்துக்குப் போகும்.

இப்போது விகிதத்தைத் தொடாமல் சம்பளத்தில் 20 சதவீதம் வெட்டுங்கள். சம்பளம் 280, தவணை அதே 211. அது சம்பளத்தில் 75 சதவீதம். 15 சதவீத வேலி தரும் சுமையை விட இது கூடுதல். கடன் வாங்கியவரைக் காப்பாற்றத்தான் நாணயத்தை இறக்கவில்லை என்று அன்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. சம்பளம் இறங்கினாலும் யூரோ கடன் அதே அளவு கனக்கும் என்பதைச் சொன்னவர்கள் குறைவு. சுமார் 13 சதவீதச் சம்பள வெட்டும், யூரோ 15 சதவீதம் ஏறுவதும் தவணைக்காரருக்கு ஒன்றுதான்.

அப்படியானால் உண்மையான வித்தியாசம் எங்கே? இரண்டு இடத்தில். நாணயம் இறங்கினால் யூரோ கடன் உள்ள எல்லோரும் ஒரே நாளில் அடி வாங்குவார்கள். வங்கிகளின் வாராக்கடன் ஒரே காலாண்டில் வீங்கும். சம்பளம் இறங்கும்போது அடி ஒவ்வொருவராக, மாதக்கணக்கில் விழும். தாய் வங்கிக்கு ஸ்டாக்ஹோமிலிருந்து மூலதனம் கொண்டுவர அவகாசம் கிடைக்கும். இரண்டாவது, சரிவு 15-இல் நிற்குமா என்ற கேள்வி. வேலியை ஒருமுறை நகர்த்திய மத்திய வங்கி இரண்டாவது வேலியைக் காப்பாற்றும் என்று சந்தை நம்பாது. புதிய எல்லையைக் காக்கப் பழையதைக் காத்ததை விட அதிக அந்நியச் செலாவணி கரையலாம். அதே 2008-இல் ஐஸ்லாந்தின் குரோனா ஏறத்தாழ பாதி மதிப்பை இழந்தது, அதுவும் மூலதனக் கட்டுப்பாடு போட்ட பிறகுதான் நின்றது.

மூன்றாவது வாதம் அக்கம்பக்கம். எஸ்தோனியா, லிதுவேனியா, பல்கேரியா மூன்றும் யூரோவோடு கட்டிய நாணயங்கள். ரீகா விட்டுக்கொடுத்தால் மறுநாள் தாலினிலும் வில்னியஸிலும் வரிசை நிற்கும். ஸ்வீடன் வங்கிகள் லாட்வியா, எஸ்தோனியா, லிதுவேனியா மூன்றிலும் இருந்தன. 2009 ஜூன் 10 அன்று ஸ்வீடன் மத்திய வங்கி ஐரோப்பிய மத்திய வங்கியிடமிருந்து 300 கோடி யூரோ எடுத்து வைத்துக்கொண்டது. லாட்வியாவின் விகிதம் ஸ்வீடனுக்கு எவ்வளவு உள்வீட்டு விவகாரம் என்பதற்கு அந்தத் தொகையே அளவு.

ஏற்றுமதி ஆதாயத்தையும் கொஞ்சம் குறைத்துத்தான் மதிக்க வேண்டும். லாட்வியா விற்பது மரம், மரப்பொருள், உலோகம், உணவு. 2009-இல் வாங்குகிற நாடுகளே சுருங்கிக் கிடந்தன. எரிவாயு ரஷ்யாவிலிருந்து வர வேண்டும். விலை குறைந்ததும் ஆர்டர் கொட்டியிருக்கும் என்று சொல்ல ஆதாரம் போதாது.

வரவுசெலவுக் கணக்கில்தான் மதிப்பிறக்கத்தின் பெரிய ஆதாயம் ஒளிந்திருந்தது. விலைகள் லாட்ஸில் ஏறினால் விற்பனை வரி வரவும் லாட்ஸில் ஏறும், பற்றாக்குறை இலக்கை எட்டுவது எளிது. விலையும் சம்பளமும் இறங்கும் வழியில் வரி வரவு இறங்கிக்கொண்டே போகும், அரசு அதைத் துரத்தி வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கீழே அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

வழி இரண்டு: உடனே யூரோ

என் பார்வையில் பொருளாதாரக் கணக்குப்படி நல்ல வழி இதுதான். லாட்ஸைக் குறைந்த விகிதத்தில் யூரோவாக மாற்றிவிட்டு, ஐரோப்பிய மத்திய வங்கியின் குடைக்குள் போய்விடுவது. ஊகக்காரருக்குத் தாக்க நாணயமே இருக்காது. வங்கிகளுக்குக் கடைசி நேரக் கடன் கிடைக்கும். ஐஎம்எஃப் அலுவலர் அறிக்கையும் இதைப் பேசியது: வேலியைத் தளர்த்துவதன் பலன்களில் பெரும்பகுதி கிடைக்கும், தொல்லைகள் குறைவு என்று.

ஐரோப்பியத் தரப்பு கதவைத் திறக்கவில்லை. மாஸ்ட்ரிக்ட் நிபந்தனைப்படி யூரோவுக்குள் வர இரண்டு ஆண்டு இஆர்எம்-2-இல் சொந்தமாக மதிப்பிறக்காமல் இருக்க வேண்டும். பணவீக்கம் மிகக் குறைந்த மூன்று நாடுகளின் சராசரியை விட 1.5 புள்ளிக்கு மேல் போகக் கூடாது; பற்றாக்குறை 3 சதவீதம், கடன் 60 சதவீதம். குறைந்த விகிதத்தில் மாறினால் முதல் நிபந்தனையே உடையும்; பணவீக்கத்திலும் பற்றாக்குறையிலும் 2008-இன் லாட்வியா தேறாது. ஒருவருக்கு விதிவிலக்கு கொடுத்தால் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும்.

கேட்காமலேயே யூரோவைப் புழக்கத்துக்குக் கொண்டுவருவதும் நடைமுறையில் முடியும். மாண்டினீக்ரோவும் கொசோவோவும் செய்திருக்கின்றன. புழக்கத்தில் இருந்த லாட்ஸுக்கும் வங்கிகள் மத்திய வங்கியில் வைத்திருந்த லாட்ஸுக்கும் முழு அளவில் அந்நியச் செலாவணிக் கையிருப்பு இருந்ததால் நோட்டை மாற்றிக் கொடுப்பது பிரச்சினையாக இருந்திருக்காது. வங்கிகள் தடுமாறினால் யார் கைகொடுப்பது என்பதுதான் பிரச்சினை: ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் ஐரோப்பிய மத்திய வங்கி கொடுக்காது, ரீகாவால் யூரோ அச்சடிக்க முடியாது. அந்த இரண்டு நாடுகளும் அப்போது ஒன்றியத்துக்கு வெளியே இருந்தன. உறுப்பு நாடு அப்படிச் செய்தால் 310 கோடி யூரோவைக் கொடுப்பவரோடேயே மோத வேண்டியிருக்கும். ஆக, இந்த வழி அரசியலில் செத்தது.

வழி மூன்று: உள்ளுக்குள் இறக்குவது

விகிதத்தைத் தொடாமல் சம்பளம், விலை, அரசுச் செலவு மூன்றையும் கீழே கொண்டுவருவது. ஆங்கிலப் பத்திரிகைகள் பெரிதாகப் பேசிய அந்த உள் மதிப்பிறக்கம். லாட்வியா போனது இந்த வழியில்தான். ஜனவரி 2009-இல் மதிப்புக்கூட்டு வரி 18-லிருந்து 21 சதவீதமானது, சலுகை விகிதம் 5-லிருந்து 10 ஆனது. அரசு ஊழியர் சம்பளம் இரண்டு மூன்று தவணையாக வெட்டப்பட்டு, சராசரியாகக் கால்வாசி அளவுக்குக் குறைந்தது. சிறிய பள்ளிகளும் மருத்துவமனைகளும் மூடப்பட்டன.

முதல் சறுக்கல் கணிப்பில். 2009-இல் பொருளாதாரம் 5 சதவீதம் சுருங்கும் என்று வைத்துத் திட்டம் எழுதினார்கள். சுருங்கியது அதைப் போல மூன்று மடங்கு அளவில். நடப்பு விலையில் பார்த்தால் ஜிடிபி ஒரே ஆண்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. வரி வரவு கரைந்தது. பற்றாக்குறை இலக்கு ஜிடிபியில் 5 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே தொடங்கி, 7 ஆகி, 10 ஆகி, கடைசியில் ஐஎம்எஃப் 13 வரை போகலாம் என்றது. வெட்டினால் பொருளாதாரம் சுருங்கும், சுருங்கினால் வரி குறையும், குறைந்தால் மறுபடி வெட்டு. இலக்கை எட்டவில்லை என்று 2009 மார்ச்சில் ஐஎம்எஃப் தன் தவணையை நிறுத்தி வைத்தது. ஜனவரி 13 அன்றே ரீகாவில் கலவரம், பிப்ரவரி 20 அன்று கோட்மனிஸ் அரசு ராஜினாமா. மார்ச்சில் வால்டிஸ் டோம்ப்ரோவ்ஸ்கிஸ் பிரதமரானார்.

2009 ஜூன் 3 அன்று 5 கோடி லாட்ஸ் கருவூலப் பத்திரத்தை ஏலம் விட்டார்கள். ஒருவர்கூட ஏலம் கேட்கவில்லை. அந்த வாரம் லாட்ஸ் விழுந்துவிடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஜூனில் 50 கோடி லாட்ஸ் வெட்டும் துணை வரவுசெலவுத் திட்டம் நிறைவேறியது. ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் 120 கோடி யூரோவைக் கொடுத்தது. ஐஎம்எஃப் ஆகஸ்ட் 27 அன்று, 20 கோடிக்குச் சற்றுக் குறைவாக. விரட்டிப் பிடித்துக் கண்டிப்பு காட்டியவர் கடைசியில் கொடுத்தது அற்பத் தொகை. கடிவாளம் யார் கையில் இருந்தது என்பது அந்த ஒரு மாத இடைவெளியில் தெரிந்துவிட்டது.

எங்கே வெட்டுவது என்பதைப் பெரும்பாலும் அரசுதான் தேர்ந்தெடுத்தது. அங்கேதான் மோசமான தவறுகள் நடந்தன. வருமான வரி இல்லாத மாத வரம்பை 2009 ஜூலையில் 90 லாட்ஸிலிருந்து 35-ஆக இறக்கினார்கள். வரி விகிதம் எல்லோருக்கும் ஒரே 23 சதவீதம். 55 லாட்ஸ் கூடுதலாக வரிக்குள் வந்தால் மாதம் 12.65 லாட்ஸ் அதிகம் கட்ட வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 180 லாட்ஸ் வாங்கியவருக்கு அது 7 சதவீதம். ஆயிரம் லாட்ஸ் வாங்கியவருக்கு 1.3 சதவீதம். வருமானம் ஏற ஏற விகிதம் ஏறும் வரியை ஐஎம்எஃப் பரிந்துரைத்தது, ரீகா ஒப்பவில்லை. வாஷிங்டன் ஏழைக்காகப் பேசி, உள்ளூர் அரசு மறுத்த காட்சி அடிக்கடி பார்க்கக் கிடைப்பதல்ல.

ஓய்வூதியம் இன்னொரு பாடம். 2009 ஜூலை 1 முதல் எல்லா ஓய்வூதியத்திலும் 10 சதவீதம், வேலையும் பார்க்கும் ஓய்வூதியருக்கு 70 சதவீதம் பிடித்தம். டிசம்பர் 21 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அது செல்லாது என்றது. கடன் கொடுத்த வெளிநாட்டவரிடம் அமைச்சரவை கொடுத்த வாக்குறுதி, குடிமக்களின் அடிப்படை உரிமையைக் குறைக்கக் காரணமாகாது என்பது தீர்ப்பின் சாரம். பிடித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. சேமிப்பு என்று கணக்கில் எழுதிய தொகை அடுத்த ஆண்டுச் செலவாகத் திரும்பி வந்தது.

உலக வங்கியின் பங்கு சிறியது, ஆனால் கையில் பிடித்துக் காட்டக்கூடியது. வேலை இழந்து உதவித்தொகையும் கிடைக்காதவர்களுக்கு உள்ளாட்சி மூலம் தெரு பெருக்கல், பூங்காப் பராமரிப்பு போன்ற வேலை கொடுத்து மாதம் 100 லாட்ஸ் வழங்கும் திட்டம் 2009 இலையுதிர் காலத்தில் வந்தது. பணம் பெரும்பாலும் ஐரோப்பிய சமூக நிதியிலிருந்து. வடிவமைப்பில் உலக வங்கி உதவியது. தொகையைக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு நன்றாகக் கீழே வைத்ததால் உண்மையிலேயே வழியற்றவர்தான் வந்தார்கள். அப்படியும் இடத்தை விட விண்ணப்பம் அதிகம். லாட்வியர்கள் இவர்களை ‘சிம்ட்லாட்னியெகி’ என்று அழைத்தார்கள், நூறு லாட்ஸ்காரர்கள்.

அதிகம் பேசப்படாத நான்காவது வழி

கடனையே குறைப்பது. 2009 அக்டோபரில் டோம்ப்ரோவ்ஸ்கிஸ் அரசு, வீட்டுக்கடன் கட்ட முடியாதவரிடம் வங்கி அடமான வீட்டின் மதிப்புக்கு மேல் கேட்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவர யோசித்தது. ஸ்டாக்ஹோமிலிருந்து உடனே கடும் எதிர்ப்பு. யோசனை பின்வாங்கியது. விகிதத்தைக் காப்பாற்றிய செலவில் கடன் கொடுத்தவரும் ஒரு பங்கு ஏற்க வேண்டும் என்ற நியாயம் இதில் இருந்தது. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் கடன் கொடுத்தவரின் அரசும் கடன் தருபவராக உட்கார்ந்திருந்தது. ஐஸ்லாந்தில் நாணயம் விழுந்த பிறகு, வெளிநாட்டு நாணயத்தோடு இணைத்த கடன்கள் சட்டவிரோதம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2010 ஜூனில் தீர்ப்பளித்தது. சுமை அங்கே வங்கிப் பக்கம் திரும்பியது.

விளைவை எதை வைத்து அளப்பது

விகிதத்தை வைத்து அளந்தால் வெற்றி. 2014 ஜனவரி 1 அன்று லாட்வியா யூரோவுக்கு மாறியது, அதே 0.702804-இல். 750 கோடியில் சுமார் 450 கோடி யூரோவை மட்டுமே எடுத்தார்கள். ஐஎம்எஃப் கடனை 2012 டிசம்பருக்குள் முன்கூட்டியே அடைத்தார்கள். 2010 தேர்தலில் வெட்டிய பிரதமரே மறுபடி வென்றார். ஐஎம்எஃப்பின் தலைமைப் பொருளாதார அறிஞராக இருந்த ஒலிவியே பிளாங்ஷார்ட், விகிதத்தைக் காப்பது பேரழிவில் முடியும் என்று தானும் நினைத்ததாகப் பிற்பாடு வெளிப்படையாகச் சொன்னார்.

உற்பத்தியை வைத்து அளந்தால் உச்சத்திலிருந்து அடிவரை ஏறத்தாழ கால்வாசி இழப்பு. வேலையின்மை 2010 தொடக்கத்தில் 20 சதவீதத்தைத் தாண்டியது. மதிப்பிறக்கிய ஐஸ்லாந்தின் சரிவு இதில் பாதிக்கும் குறைவு. ஆனால் ஐஸ்லாந்தில் கடன் அமைப்பு வேறு, வங்கி உரிமை வேறு. இரண்டையும் நேருக்கு நேர் வைத்துத் தீர்ப்பு சொல்பவர்கள் அவசரப்படுகிறார்கள்.

இன்னொரு எண்ணைப் பலரும் தவற விடுகிறார்கள். பிடித்தங்களுக்கு முந்தைய சராசரி மாதச் சம்பளம் 2008-இல் 479 லாட்ஸ், 2010-இல் 445. இறக்கம் 7 சதவீதம்தான். அரசு ஊழியருக்குக் கால்வாசி வெட்டு விழுந்தும் நாட்டின் சராசரி அவ்வளவாக இறங்கவில்லை, ஏனென்றால் தனியார் நிறுவனங்கள் சம்பளத்தை விட ஆளைக் குறைத்தன. மிச்சமிருந்தவர்கள் அதிக உற்பத்தி கொடுத்ததால் ஒரு பொருளுக்கான கூலிச் செலவு குறைந்தது. சம்பளத்தை இறக்கிப் போட்டித்திறன் கூடியது என்ற பாடப்புத்தகக் கதை பாதிதான் நடந்தது. மறுபாதி, வேலையிழப்பு.

வேலையிழந்தவர்கள் எங்கே போனார்கள்? 2004 முதலே பிரிட்டனும் அயர்லாந்தும் அவர்களுக்குத் திறந்திருந்தன. 2000 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் லாட்வியாவில் 23.8 லட்சம் பேர், 2011-இல் 20.7 லட்சம். எல்லாமே நெருக்கடியால் அல்ல; பிறப்பு விகிதமும் முந்தைய புலம்பெயர்வும் அதில் உண்டு. ஆனால் வேலையின்மை விகிதம் இறங்கியதில் விமானம் ஏறியவர்களுக்கும் பங்கு உண்டு. வெளியே போக வழியில்லாத நாட்டில் இதே திட்டம் இதே அமைதியோடு நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

இதே மருந்தைக் கிரேக்கத்துக்குக் கொடுத்தபோது ஏன் கேட்கவில்லை என்பதற்கும் ஒரு எண் போதும். லாட்வியா தொடங்கியபோது அரசுக் கடன் ஜிடிபியில் பத்து சதவீதத்துக்குக் கீழ். முடித்தபோது 45-ஐ ஒட்டி. கிரேக்கம் தொடங்கும்போதே நூற்றைத் தாண்டியிருந்தது. நடப்பு விலை ஜிடிபி ஐந்தில் ஒன்று சுருங்கினால், ஒரு பைசா புதுக்கடன் வாங்காமலே 100 என்பது 125 ஆகிவிடும். 10 என்பது 12.5 ஆகும். முன்னது நாட்டைத் திவாலாக்கும், பின்னது செய்தியிலேகூட வராது.

அதனால் என் தேர்வு இப்படி: யூரோ கதவு திறந்திருந்தால் இரண்டாவது வழி. அது அடைபட்டிருந்த நிலையில், 90 சதவீதம் யூரோ கடன், குறைந்த அரசுக் கடன், மூலதனம் போடத் தயாரான வெளிநாட்டுத் தாய் வங்கிகள் என்ற மூன்றும் சேர்ந்திருந்ததால் மூன்றாவது வழி தாங்கக்கூடியது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் முதல் வழிக்குப் போயிருக்க வேண்டும், அதுவும் நான்காவதைச் சேர்த்துக்கொண்டு. விகிதத்தைக் காத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கான விலையை 180 லாட்ஸ்காரர் தலையில் வைத்ததைத்தான் குறை சொல்வேன், அதை ஒரு நிறுவனமும் கேட்கவில்லை.

கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

இப்படியொரு தொகுப்பில் இரண்டு ஒப்பந்தங்கள் இருக்கும்: ஐஎம்எஃப்புக்கு அரசு எழுதும் விருப்பக் கடிதம், ஐரோப்பிய ஆணையத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம். இரண்டிலும் பற்றாக்குறை என்ற சொல் இருக்கும், அளவுகோல் வேறு. ஐஎம்எஃப் கையில் வந்த, போன ரொக்கத்தை எண்ணும். ஆணையம் ஈஎஸ்ஏ என்ற ஐரோப்பியக் கணக்கு விதிப்படி (அன்று ஈஎஸ்ஏ-95), பணம் இன்னும் போகாவிட்டாலும் ஏற்பட்ட பொறுப்பை எண்ணும். ஒன்றில் தேறி இன்னொன்றில் தோற்கலாம். இரண்டு கணக்கையும் மாதாமாதம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட நிதியமைச்சகத்தில் தனி ஆள் வேண்டும்.

வளர்ச்சிக் கணிப்பு தவறினால் இலக்கு எப்படி மாறும் என்பதை முதல் நாளே எழுதி வாங்க வேண்டும். சுருக்கம் கூடினால் வேலையின்மை உதவிச் செலவும் வரி இழப்பும் தானாக இலக்கிலிருந்து கழியும்படி. லாட்வியா இதை ஒவ்வொரு ஆய்விலும் தனித்தனியாகக் கெஞ்சி வாங்கியது, மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அதில் போயிற்று. ஓய்வூதியத்தையோ சம்பளத்தையோ தொடும் வாக்குறுதி எதுவானாலும், கடிதத்தில் போடும் முன் நாடாளுமன்றத்தில் வைத்து, சட்டத்துறையிடம் சாசனப்படி நிற்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நீதிமன்றத்தில் விழக்கூடிய சேமிப்பைக் கணக்கில் பூஜ்யமாகத்தான் எழுத வேண்டும்.